மணியடிப்பவனின் பாலம்

மலேசியாவின் சிகாமட்டில் ஆறு கரை தாண்டிய வாரம். அம்மாவின் வீட்டில் சாமான்களை அலமாரியின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஷர்மினியின் கையில் அந்தப் பழைய வீடியோ கேம் தட்டு அகப்பட்டது. ‘உப்புக் கோட்டை’ என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து, உலு திராமில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும்போது அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஜீவன் அதைக் கவனித்தான். கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன், தொழிற்சாலையில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம், விடுமுறைக்கெல்லாம் அம்மா வீட்டுக்குப் போய் இந்த கேமைத்தான் விளையாடுவாள். கோட்டைக்குள் போகும் பாலத்தில் ஓர் அரக்கன் நிற்பான். பெரிய வெண்கல மணியைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வருவான். மணியடிப்பவன் என்று பெயர். ஷர்மினி அவனிடம் அறுபத்து மூன்று முறை செத்தாள். ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்தாள். அடுத்த முறைக்கு முன்னால் கொஞ்சம் தலையை ஆறப்போடலாம் என்று குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அரக்கன் செத்துக் கிடந்தான். பத்தொன்பது வயது ஜீவன் சிரித்த முகத்தோடு கண்ட்ரோலரை நீட்டினான்.

"முடிச்சிட்டேன்கா. இனி நீ உள்ள போலாம்."

அக்கா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செய்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் மிஷினை அணைத்தவள், அதற்குப் பிறகு அந்தத் தட்டைத் தொடவில்லை. மூன்று நாள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. நான்காம் நாள் பேசினாள். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ கேம்களை விளையாடி முடித்துவிட்டாள். இதைவிடக் கடினமானவையும் அவற்றில் உண்டு. எதிரி கையை ஓங்கும்போது தன் விரல் பதறுகிறதா என்று கவனிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். பதறினால் அந்த ஆட்டம் போயிற்று.

சனிக்கிழமை காலை, கணவர் மதிவாணன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய கையோடு, தட்டை எடுத்து மிஷினில் போட்டாள். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜீவன், வழக்கம்போல தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தான். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். உட்காரச் சொன்னாள். சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏழு வருஷத்துக்கு முன் பாலத்துக்கு வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இப்போது மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள். வழியெல்லாம் பழைய ஷர்மினி செய்த பிசகுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. உயிருக்குப் பயந்து, கிடைத்ததிலேயே கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு, நகர முடியாமல் நகர்ந்திருக்கிறாள். காயம் ஆற்றும் மருந்தையெல்லாம் ‘அப்புறம் வேண்டியிருக்கும்’ என்று குடிக்காமலே சேர்த்துவைத்துக்கொண்டு செத்திருக்கிறாள். நினைத்தால் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் மேல் கொஞ்சம் பிரியமும் வந்தது.

மெல்லிய தோல் அங்கியோடு பாலத்தில் கால் வைத்தாள். மணியடிப்பவன் திரும்பினான். முதல் வீச்சிலேயே செத்தாள். ஜீவனின் கை தானாக முன்னால் நீண்டது. பிறகு தன் தொடையின் கீழ் அதைச் சொருகிக்கொண்டான்.

இரண்டாம் முறை அவள் அடிக்கவே இல்லை. விலகி விலகி ஓடி, அவன் மணியை எப்படிச் சுழற்றுகிறான் என்று மட்டும் பார்த்தாள். மூன்றாம் முறையும் அப்படியே. மூன்று சுற்று சுழற்றுவான், நான்காவதில் தரையில் அறைவான். அறைந்த மணியைத் தூக்க அவனுக்கு ஒரு மூச்சு நேரம் பிடிக்கிறது. அன்று மணி வரும்போதெல்லாம் அவள் பின்னால் ஓடினாள். சங்கிலியின் முழு நீளத்துக்கும் சுழன்று வரும் மணி பின்னால் ஓடுகிறவரைத்தான் எட்டும். முன்னால் போயிருந்தால் அது தலைக்கு மேலே போயிருக்கும்.

நான்காம் முறை அவனை நோக்கிப் போனாள். மணி வந்தது. அதன் அடியில் உருண்டு அவன் காலடிக்குப் போய்விட்டாள். இரண்டே வெட்டு; மூன்றாவதுக்கு ஆசைப்படாமல் விலகினாள். மறுபடியும் உருண்டாள், வெட்டினாள், விலகினாள். தன் உயிரில் பாதி போனதும் மருந்தை எடுத்துக் குடித்தாள். விரல் பதறவில்லை. அவன் முழங்கால் மடங்கி விழுந்தபோது ஏதோ துணி மடித்து முடித்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"அலமாக்," என்று மெதுவாக வியந்தான் ஜீவன்.

கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இருண்ட மண்டபம். இதற்கப்புறம் என்ன வரும் என்று கேட்டாள். அவன் கேமை முழுக்க முடித்திருப்பான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

ஜீவன் தொடையின் கீழிருந்த கையை வெளியே எடுத்தான்.

"தெரியாதுகா. அதுக்கப்புறம் உனக்குத் தெரியாம இதே கேம் இன்னொண்ணு வாங்கி நானும் விளையாடிப் பாத்தேன். இந்த மண்டபத்தத் தாண்ட முடியல. அன்னிக்குப் பாலத்துல ஜெயிச்சதுகூட சும்மா அதிர்ஷ்டம்தான்." பிறகு, "உங்கிட்டருந்து அதப் பிடுங்கியிருக்கக் கூடாது," என்றான்.

ஷர்மினி அவனைப் பார்த்தாள். கோபம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. ஆனாலும் அதைக் காதால் கேட்டது நன்றாக இருந்தது.

"நான் முடிச்சுக் காட்டவா?" என்று கேட்டாள்.

"வேணாம் லா."

அவளும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தாள். தன் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, அவன் பெயரில் புதிதாக ஓர் ஆட்டத்தைத் திறந்து, கண்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தாள். நாசி லெமாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் எதிரியிடமே அவன் செத்தபோது சிரித்தாளே தவிர, வழி சொல்லவில்லை.

அன்றிலிருந்து வார இறுதிகளில் இருவரும் முறை வைத்து விளையாடினார்கள். ஐந்தாவது வாரம் ஷர்மினி உப்புக் கோட்டையின் உச்சிக்கு ஏறி கேமை முடித்தாள். ஜீவன் அப்போதுதான் மண்டபத்துத் தண்ணீரில் இறங்கியிருந்தான். கடைசிக் காட்சி வந்தபோது காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டான்.