பிடுங்கிய ஒன்பது நாற்று

விதைப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் அப்பா வந்து நின்றபோது, அவள் வெள்ளை மேசையில் கோதுமையைக் கொட்டி இடுக்கியால் மணிமணியாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. சட்டையில் மட்டும் எப்போதும்போலக் கழுத்துவரை பொத்தான்.

“உள்ளே வரலாமா?” என்றார்.

“வாங்க. மெதுவா நடங்க, தூசு பறக்கக் கூடாது,” என்றாள். இத்தனை வருஷம் கழித்துப் பேசும் முதல் பேச்சு இப்படி அமையும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்பா சபைப் போதகர். முப்பத்து நாலு வருஷமாக ஒரே மேடை. அறுப்பைப் பற்றியும் நியாயத்தீர்ப்பைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் குரல் தானாகவே உயரும். அவர் பதரையும் நெருப்பையும் சொல்லும்போது முன்வரிசைக்காரர்கள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். சபைப் பிள்ளைகள் அவருக்கு ‘அரிவாள் ஐயா’ என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவருக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, முறிந்திருந்தது; அப்படிப்பட்ட கல்யாணத்தைச் சபை ஒப்புக்கொள்ளாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, இயேசு சொன்ன, கோதுமையும் களையும் கலந்து வளர்ந்த வயலின் கதையைப் பேசினார். பேசி முடித்து, ஒரு தாளை எடுத்து, சபைப் பட்டியலிலிருந்து மகளின் பேர் நீக்கப்படுவதாக வாசித்தார். அவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே நடந்தாள். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா போன் செய்வாள், அதுவும் அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

“எனக்குக் கொஞ்சம் களை விதை வேணும்,” என்றார் அப்பா.

“எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு. கையில வெச்சுக் காட்டினா ஜனங்களுக்குப் புரியும்.”

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். “பதினோரு வருஷம் கழிச்சு, களை கேட்டு வந்திருக்கீங்க.”



அவளுக்குக் கோபம் வந்தது. போகச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் உள்ளறைக்குப் போய் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழக்கிக்கொடுக்க அவளே விதைத்த தட்டு அது. மணலில் முப்பது நாற்று, பதினைந்து நாள் வளர்த்தி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய குச்சி. எந்த எண் கோதுமை, எந்த எண் கோதுமை மாதிரியே முளைக்கும் களை என்ற பட்டியல் அவளுடைய மேசை டிராயரில் இருந்தது.

“விதை தர்றேன். முதல்ல இதுல களை எதுன்னு பார்த்துப் பிடுங்குங்க.”

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்தார். அவசரப்படவில்லை. ஒரு நாற்றின் இலையைத் தடவிப் பார்த்தார், இன்னொன்றின் அடித்தண்டைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் ஒன்பது நாற்றைப் பிடுங்கி வரிசையாக வைத்தார். அவள் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தாள்.

“மூணு களை. ஆறு கோதுமை. தட்டுல இன்னும் ஏழு களை அப்படியே நிக்குது.”

“இது மெலிஞ்சு போயிருந்துச்சே?” என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

“ஓரத்துல இருந்தது. வெளிச்சம் பத்தலை.”

“இதுக்கு அடியில சிவப்பா இருந்துச்சு.”

“குளிர் பட்டா சில கோதுமைக்கும் அப்படி வரும்.”

“உனக்குத் தெரிஞ்சிடுமா?”

“லென்ஸ் வெச்சுப் பார்த்தா பெரும்பாலும் தெரியும். அப்பவும் ஒண்ணு ரெண்டு தப்பும். கதிர் வந்துட்டா சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்.”

அவர் ஒரு கோதுமை நாற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “திரும்ப நட்டா பிழைக்குமா?”

“வேர் அறுந்திருக்கு. சிலது பிழைக்கும். சிலது பிழைக்காது.”

அவர் அந்த நாற்றை மற்றவற்றோடு வைத்தார். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். சபை மூப்பர்கள் எழுதியது. சபையில் ஆர்கன் வாசித்துவந்தவர் குடித்துவிட்டு ஒருவரை அடித்து ரெண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருந்தார். மறுபடியும் வாசிக்கட்டுமா என்று கேட்டாராம். அவர் பேரை நீக்க வேண்டும், அந்த அறிவிப்பை ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று மூப்பர்கள் எழுதியிருந்தார்கள்.

“மூணு நாளா இதைப் பையில வெச்சுக்கிட்டுச் சுத்தறேன்,” என்றார்.

“அப்போ களை விதை?”

“அது ஒரு சாக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் பேரை வாசிச்ச அன்னைக்கு என் குரல் கொஞ்சம்கூட நடுங்கலைம்மா. இப்போ அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

“எனக்கு அன்னைக்குக் கால் நடுங்குச்சு.”

“மன்னிச்சுடு.”

அவள் நாற்றுகளை ஒவ்வொன்றாகத் தாளில் அடுக்கினாள். “உடனே முடியாதுப்பா. ஆனா நீங்க கேட்டது நல்லது.”

விதை வாங்காமலேயே அவர் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். “போய்ப் பார்த்துட்டு வா, நான் வெளியே வேன்ல இருக்கேன்,” என்று கணவர் சொன்னார். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா அதே வயல் கதையைத்தான் எடுத்தார். குரல் உயரவில்லை.

“நியாயத்தீர்ப்பு உண்டு. அதுல எனக்குச் சந்தேகமில்லை. அது இல்லைன்னா அநியாயம் பட்டவங்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? ஆனா களையைப் பிடுங்கட்டுமான்னு வேலைக்காரங்க கேட்டப்போ எஜமான் வேண்டாம்னுதான் சொன்னார். கோதுமையும் சேர்ந்து வந்துடும்னு அவருக்குப் பயம். அறுக்கிற வேலை தேவதூதர்களுக்கு. இத்தனை வருஷமா அவங்க வேலையை நான் பார்த்துட்டிருந்தேன். அவங்க யாரும் என்னை உதவிக்குக் கூப்பிடவே இல்லை.”

எங்கோ ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

அப்பா மேடையிலிருந்து இறங்கி, கடிதத்தை முன்வரிசையில் இருந்த மூத்த மூப்பரிடம் திருப்பிக் கொடுத்தார். “இதை நான் வாசிக்க மாட்டேன். முன்னே என் மகள் பேரை வாசிச்சேன். ஆறு கோதுமையைப் பிடுங்கின கை இது, அவளுக்கு அது தெரியும். அவ சம்மதிச்சா அந்தப் பேரைத் திரும்ப எழுதறேன்.”

ரெண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. மூத்த மூப்பர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, இது இத்தோடு முடியாது என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். சுவரோரம் நின்றிருந்த ஆர்கன்காரரைப் பார்த்து அப்பா கையை நீட்டினார். அவர் வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டில் ரெண்டு இடத்தில் ஸ்வரம் தப்பியது. ஜனங்கள் அவருக்காக நிதானமாகப் பாடினார்கள். அவளும் பாடினாள். வார்த்தைகள் மறக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வேன் பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.  கணவர் பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வீட்டுக்கு வாங்க மாமா. சாப்பாடு எல்லாருக்கும் இருக்கு,” என்றார்.

“இப்பவேவா? உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று அப்பா திரும்பிப் பார்த்தார்.

அம்மா ஏற்கெனவே வேனின் முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.