கேப்டன் எலிஃபலெட்டின் முதல் பெஞ்சு

இங்கிலாந்து ராஜா இனி வேண்டாம் என்று அமெரிக்கர்கள் சண்டை தொடங்கிய இரண்டாவது கோடையில், டன்பரோ ஊர்ப்படை முப்பத்தேழு பேரும் ஏரிக்கரைக் கோட்டையில் காவல் இருந்தார்கள். ஊரார் கைதூக்கித் தேர்ந்தெடுத்த கேப்டன், தோல் பதனிடும் எலிஃபலெட்.

அவருக்கு ராஜாவைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. டன்பரோ தேவாலயத்தில் யாருக்கு எந்தப் பெஞ்சு என்பதை அந்தஸ்து பார்த்து ஒரு குழு முடிவு செய்யும். தோல் நாற்றத்துக்காக இருபது வருஷம் கதவோரத்தில் உட்கார்ந்தவர் அவர். கோட்டையைக் காத்தால் முதல் பெஞ்சு. விட்டால் மறுபடி கதவோரம்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கரையில் ராஜாவின் சிப்பாய்களுடைய சிவப்புச் சட்டைகள் தெரிந்தன.

"துப்பாக்கிய எடுங்கப்பா!" என்று கத்தினார் எலிஃபலெட்.

"இருங்க கேப்டன்," என்றார் ஜாபெஸ். பெரிய விவசாயி, பெஞ்சுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "சண்டை போடறதா வேண்டாமான்னு இன்னும் தீர்மானமே போடலியே. இஷ்டத்துக்கு உத்தரவு போட நீங்க என்ன ராஜாவா?"

எலிஃபலெட் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். கூட்டம் கூடியது.

"அறுத்த புல்லு வயல்லயே கிடக்கு. மழை வந்தா மாடு எதைத் தின்னும், சுதந்திரத்தையா?" என்றார் ஜாபெஸ்.

"ஓடிட்டோம்னு ஊரு சிரிக்குமேய்யா!" என்றார் எலிஃபலெட்.

"ஊரே இங்கதான இருக்கு. எவன் சிரிப்பான்?"

கிளம்புவதற்கு முப்பத்தாறு கைகள் உயர்ந்தன. இருப்பதற்கு ஒன்று, கேப்டனுடையது. சமமாக வந்தால்தான் கேப்டன் வாக்கு செல்லும் என்று அதையும் தள்ளினார்கள். கேப்டனுக்கு நன்றி கூறும் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. பீரங்கியை விட்டுவிட்டு, பாலாடைக்கட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எலிஃபலெட் தாமாகவே கதவோரம் போய் உட்கார்ந்தார். ஜாபெஸ் வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"முன்னாடி வாங்க கேப்டன். உங்களப் பின்னாடி வச்சா, நாங்கல்லாம் ஓடி வந்தவங்கன்னு ஆயிடாதா?"

ஓர் உயிர்கூடப் போகாமல் படையைக் காத்தவர் என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதியாயிற்றாம். எலிஃபலெட் முதல் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

பிரசங்கம் இரண்டாவது மணி நேரத்தைத் தொட்டபோது வெளியே யாரோ அலறினார்கள்: "சிவப்புச் சட்டைக்காரன் பாலத்துக்கு வந்துட்டான்!"

இந்தத் தடவை யாரும் தீர்மானம் கேட்கவில்லை. கதவோரத்தார் முதலில், அடுத்த வரிசை அடுத்து என்று அந்தஸ்து தலைகீழாகி ஆலயம் காலியானது. முதல் பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே இருபத்திரண்டு வரிசைகள் இருப்பதை எலிஃபலெட் அன்றுதான் எண்ணிப் பார்த்தார்.