குமிழி இல்லாத படகு

கையால் செய்த பொருளில் பிழை இருக்கவேண்டும். எங்கள் கல்லூரியின் மாதிரிப் படகுப் போட்டிக்கு நடுவராக வந்த இராசநாயகம் சேருடைய கோட்பாடு இது. பிழை இல்லையென்றால் அது வெளிநாட்டுச் சாமான். வெளிநாடு என்றால் கனடா. கனடா இல்லையென்றால் சுவிஸ். இந்த இரண்டையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் ஆணி அடிக்கத் தெரிந்தவர்கள் இருப்பதாக அவருக்குத் தகவல் இல்லை.

அந்தக் கோட்பாட்டில் மோதியது ஜெசிதாவின் படகு.

ஜெசிதா என்னோடு படிக்கிறவள், கத்தோலிக்க மீனவர் ஊரான குருநகர். அவளுடைய அப்பா எமில்ராஜ் கடற்கரைக் கொட்டில் ஒன்றில் உடைந்த பைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். நான் குகன், கடல் இல்லாத மானிப்பாய். எங்கள் வீட்டுக்குக் கடலோடு உள்ள தொடர்பு சோற்றுக் கோப்பையோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் இல்லை.

போட்டியில் இரண்டு பிரிவு. ஒன்று சொந்தத் தயாரிப்பு, மற்றது கடையில் வாங்கியது. சொந்தத் தயாரிப்பில் வென்றால் படகு கொழும்பில் நடக்கும் போட்டிக்குப் போகும். படகின் பெயருக்குப் பக்கத்தில் செய்தவரின் பெயரும் போகும். ஜெசிதாவுக்குக் கொழும்பில் அக்கறை இல்லை. அந்தப் பக்கத்துப் பெயர்தான் வேண்டும்; அவளுடைய முழுப் பெயரில் எமில்ராஜும் உண்டு. "குருநகரிலை அப்பா கை வைக்காத போட் இல்லை. ஒரு போட்டிலையாவது அவரின்ரை பேர் இருக்கோ?" என்று ஒருநாள் கேட்டாள். பிறகு, "அதுக்காக இதைச் செய்யேல்லை" என்றாள். அதற்காகத்தான் செய்தாள்.

படகு முழங்கை நீளம். காபன் நார்த் துணியால் ஆனது. கன்னங்கரேலென்று, பாய் பின்னினதுபோல இருக்கும் துணி. முதலில் மரத்தில் உருவம் செதுக்கினாள். அந்த உருவத்திலிருந்து அச்சு எடுத்தாள். அச்சின் உட்புறம் முகம் தெரியும்வரை மெழுகு தேய்த்தாள். அதற்குள் துணியை விரித்து, ரெசின் பசை ஊற்றி, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினாள். காற்று நின்றால் குமிழி. குமிழி நின்ற இடம் அப்பளம்போல உடையும். தூரிகைக்கு அகப்படாத காற்றுக்கு அவளிடம் வேறு வழி இருந்தது. அச்சை ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் வைத்து ஒட்டி, வீட்டுப் பிரிட்ஜிலிருந்து கழற்றிய கொம்பிரசரால் பையின் காற்றை உறிஞ்சினாள். பை சுருங்கித் துணியை அச்சோடு அழுத்திப் பிடித்தது. அந்தப் பிரிட்ஜ் ஏற்கெனவே செத்திருந்ததா, இதற்காகச் செத்ததா என்பதில் அவர்கள் வீட்டில் இன்னும் இரண்டு கருத்து உண்டு.

முதலில் வார்த்த உடலில் எள்ளளவு குமிழி ஒன்று நின்றுவிட்டது.

"ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று அதை மரம் அரிகிற வாளால் இரண்டாக அறுத்துக் குப்பைக்குள் போட்டாள். மறுபடி மெழுகு, மறுபடி துணி. உடல், மேல்மூடி, சுக்கான், மோட்டரைத் தாங்கும் துண்டு எல்லாம் அவளே வார்த்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பரால் தேய்த்தாள். அவளுடைய நகக்கண்களில் கறுப்பு ஏறி, கோயிலில் பூசை அப்பமான நன்மை வாங்கப் போன இடத்தில் சுவாமியார் கையைத் திருப்பிப் பார்த்தாராம்.

மோட்டர், பற்றரி, றிமோட் என்னுடைய பொறுப்பு. காபனுக்கு ஒரு கெட்ட குணம்: றேடியோ அலையை உள்ளே விடாது. அதனால் சிக்னல் பிடிக்கும் வயரை மூடிக்கு வெளியே எடுத்து, சோடா குடிக்கிற ஸ்ரோ ஒன்றுக்குள் நிமிர்த்தி விட்டேன். அந்தப் படகில் அழகில்லாத ஒரே பாகம் அதுதான். அது என் கைவண்ணம்.

போட்டி பண்ணைக் கடலில், பாலத்துக்குக் கிட்ட, இடுப்பளவு தண்ணீரில். இராசநாயகம் சேர் பரிசோதனை மேசையில் படகைத் தூக்கினார். நிறை பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். அவருடைய முகம் மலர்ந்தபோது எனக்கு நல்ல நம்பிக்கை வந்தது.

"ஆர் பிள்ளை அனுப்பினது? மாமாவோ?"

"நான் செய்தது சேர்" என்றாள் ஜெசிதா.

"பாகங்களைப் பூட்டினது நீங்கள். அது விளங்குது. இந்த பொடி, உடல், எங்கை வாங்கினது?"

"பொடியும் நான்தான் செய்தது."

சேர் சிரித்தார். பிள்ளைகள் பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "நான் இதிலை பழந்தின்று கொட்டை போட்டவன். கையாலை செய்தால் ஒரு குமிழியாவது இருக்கும், ஒரு நாராவது துருத்தும். இதிலை ஒண்டுமில்லையே."

"இல்லாமல்தானே சேர் செய்தது."

போனில் இருந்த படங்களைக் காட்டினாள். படம் எவரும் எடுக்கலாம் என்றார். அச்சையே தூக்கி வந்து மேசையில் வைத்தாள். வாங்கின படகில் வைத்து அச்சு எடுத்திருக்கலாம் என்றார். கடைசியாக, அவருக்கே பிடித்துப்போன ஒரு ஆதாரத்தைக் கண்டெடுத்தார்.

"குருநகரிலை செய்த போட் எண்டால் முகப்பிலை ஒரு அந்தோனியாரோ சிலுவையோ இருக்குமே. எங்கை?"

"பெயின்ற் அடிச்சால் பாரம் கூடும் சேர்."

"பாத்தியளே" என்றார் என்னைப் பார்த்து. நான் எதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படகு 'கடையில் வாங்கியது' பிரிவுக்குப் போனது. சொந்தத் தயாரிப்பு வரிசையில் மூன்று படகுகள் நின்றன: ஒன்று தண்ணீர்ப் போத்தல், இரண்டு றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகை. அவற்றில் இரண்டை, செய்த மாணவர்களின் தகப்பன்மார் மடியில் வைத்துக் கடைசி நேரப் பசை பூசிக்கொண்டிருந்தார்கள். அதுபற்றிச் சேருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பசை நன்றாக வழிந்திருந்தது.

வாங்கியவற்றின் ஓட்டம் முதலில். பிரதம விருந்தினர் படகுகளோடு படம் எடுக்க விரும்பினார். இருக்கக் கதிரை போதாது என்று என்னைக் கதிரை தூக்க அனுப்பினார்கள். அந்த நேரத்தில் சேர் எங்கள் படகை விருந்தினரின் கையில் கொடுக்கும்போது ஸ்ரோவைக் கண்டிருக்கிறார்.

"இதென்ன வால்?"

"அது வெளியிலை நிக்கவேணும் சேர், உள்ளுக்கை விட்டால் சிக்னல் எடுக்காது" என்று ஜெசிதா சொன்னாளாம்.

"படம் எடுக்கேக்கை குறுக்கை கதைக்காதையும் பிள்ளை" என்று அவர் ஸ்ரோவை உருவிவிட்டு வயரை உள்ளே தள்ளி, மூடியைச் சுற்றி நல்ல அகலமாக ரேப்பும் ஒட்டினார். படம் முடிந்த கையோடு விசில் ஊதி, படகைத் தண்ணீரில் விட்டவரும் அவரேதான். அவள் தடுக்கக் கை நீட்டினாள். விருந்தினர் கை கொடுக்க வருகிறாள் என்று நினைத்துக் கை கொடுத்தார்.

நான் கதிரையோடு ஓடி வந்து றிமோட்டை எடுத்தபோது படகு தண்ணீரில் நின்றது. ஸ்ரோ போனதைக் கவனிக்காமல் ஓட்டத் தொடங்கினேன். கிட்ட நின்றவரை சொல்லுக் கேட்டது. தூரம் போனதும் கேட்கவில்லை. கடைசியாக நான் கொடுத்த கட்டளை முழு வேகம். எங்கள் மலிவான கருவி அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு, படகைப் பாலத்தின் கல் அணையில் நேரே கொண்டுபோய் இடித்தது.

முகப்பு கிழிந்திருந்தது. ஜெசிதா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். சேர் ஒலிவாங்கியில் பேசினார்.

"உள்ளூரிலை கையாலை செய்யிற சாமான் உப்பிடித்தான். பாக்க வடிவாய் இருக்கும், தாங்காது."

நான் இரண்டு தரம் காதைத் தடவிப் பார்த்தேன். ஓடும்வரை அந்தப் படகு கனடா. உடைந்தவுடன் குருநகர். கடவுச்சீட்டு, விசா ஒன்றும் இல்லாமல் இவ்வளவு வேகமாக நாடு மாறின பொருள் வேறு இருக்காது.

ஜெசிதா நேரே ஒலிவாங்கிக்குப் போனாள். "சேர், இப்ப என்னெண்டு சொன்னனீங்கள்?"

"என்ன?"

"கையாலை செய்ததெண்டு சொன்னனீங்கள். எல்லாருக்கும் கேட்டது. அப்ப என்னைச் சொந்தத் தயாரிப்பிலை போடுங்கோ."

விருந்தினர் பக்கத்தில் இருந்தார். அவரும் கேட்டுவிட்டார். "நியாயம்தானே" என்று ஒரு சொல் சொன்னார். சேர் நேரத்தைப் பார்த்து, "பின்னேர ஓட்டத்துக்கு முதல் திருத்திக்கொண்டு வந்தால் பாப்பம்" என்றார். வராது என்ற நிம்மதி அவருடைய குரலில் இருந்தது.

எமில்ராஜ் அங்கிளுக்குப் போன் அடித்தோம். போட் ஒட்டுகிற ரெசினும் வெள்ளைக் கண்ணாடி நாரும் ஒரு வாளிக்குள் போட்டு மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினார். உச்சி வெயில். ஹார்ட்னர் கலந்த கையோடு பூசவேண்டும், இல்லாவிட்டால் கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். ஜெசிதா தூரிகையை எடுத்தாள். ஆத்திரத்தில் குத்தியதில் நார் சுருண்டது. இரண்டு தரம் முயன்றாள்.

"விடு மோளை. இந்தக் கையாலை பூசினால் காற்றுத்தான் நிக்கும்" என்று அங்கிள் வாங்கிக்கொண்டார். கறுப்பு முகப்பில் வெள்ளை நாரைப் பொத்திப் பூசினார். கடலில் நாளைக்கே இறங்கவேண்டிய போட்டுக்குப் போடுகிற ஒட்டு. அழகுக்கு அல்ல, தண்ணீர் வராமல் இருக்க. வழிந்தது, நார் துருத்தியது, குமிழிகளும் நின்றன. வெயிலில் சட்டென்று இறுகியது. நான் ரேப்பைக் கிழித்து வயரை வெளியே எடுத்தேன்.

இராசநாயகம் சேர் மறுபடி படகைத் தூக்கினார். விரல் வழுக்கிக்கொண்டு போய் அந்த ஒட்டில் தடக்கி நின்றது. அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம்.

"இதுதான் பிள்ளை கைவேலை. பாரும், குமிழி. பாரும், நார். இதை நீர் செய்தனீர் எண்டு நான் எந்தச் சபையிலையும் சொல்லுவன். உம்மடை முழுப் பேரைச் சொல்லும், எழுதுவம்."

நான் மனதுக்குள், வாயை மூடிக்கொண்டு பேரைச் சொல்லு ஜெசி, என்று மன்றாடினேன். அவள் அந்த ஒட்டைப் பார்த்தாள்.

"அது அப்பா போட்டது சேர். மிச்சம் முழுக்க நான்."

"வேறை ஆக்கள் கை வைச்சதோ?" சேர் பேனையை மூடினார். அவருக்கு இப்போது இரட்டைச் சந்தோசம். "அப்ப சொந்தத் தயாரிப்பு இல்லை. நான் காலமையே சொன்னனான்."

"சேர், அங்கை ரெண்டு அப்பாமார் இப்பவும் பசை பூசிக்கொண்டு இருக்கினம்" என்றேன்.

"தம்பி, அவையள் உதவி செய்யினம்" என்றார்.

எமில்ராஜ் அங்கிள் வாளியைக் கழுவினார். "ஏன் மோளை சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார்.

"உங்கடை வேலையை என்ரை எண்டு எழுதவோ?" என்று சீறினாள். "அதைத்தானே எல்லாரும் உங்களுக்குச் செய்யினம்."

பின்னேர ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். சொந்தத் தயாரிப்புகள் மூன்றும் இறங்கின. ஜெசிதா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, எங்கள் படகையும் வைத்தாள்.

"விடு குகன்" என்றாள்.

விட்டேன். போத்தல் படகு கவிழ்ந்திருந்தது. றெஜிபோம் ஒன்று நின்ற இடத்தில் சுற்றியது, மற்றது கரைக்குத் திரும்பி வந்து தகப்பனைத் தேடியது. அவற்றுக்கிடையால் எங்களுடையது மூக்கில் வெள்ளைக் கட்டோடு, தண்ணீரைக் கத்தரித்துக்கொண்டு போனது. "போட்டியில் இல்லாத படகு ஒன்று உள்ளே வந்துள்ளது. பார்வையாளர்கள் அதைப் பார்க்கவேண்டாம்" என்று சேர் ஒலிவாங்கியில் சொன்னார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில், கரையில் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அண்ணை எழும்பி வந்து நின்றார். கொஞ்ச நேரம் படகையே பார்த்தார்.

"ஆர் உதைச் செய்தது?"

அன்று முழுக்க ஒருவரும் எங்களிடம் அப்படிக் கேட்கவில்லை. எங்கே வாங்கினது, ஆர் அனுப்பினது என்றுதான் கேட்டார்கள்.

"நான் அண்ணை" என்றாள் ஜெசிதா.

"என்னெண்டு?"

அவள் அவரைக் கரைக் கல் ஒன்றில் இருத்தி, மரத்தில் உருவம் வெட்டினதிலிருந்து தொடங்கினாள். படகை வெளியே எடுக்கச் சொல்லிச் சேர் என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. பரிசு கொடுத்து முடித்ததும் கேட்டது. பற்றரி தீர்ந்து படகு நடுவில் நின்றுவிட்டது. விழாவுக்கென்று போட்ட காற்சட்டையோடு நான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் இன்னும் இரண்டாவது அடுக்குத் துணியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.