சகலையின் கிழட்டு லேப்டாப்

ரேடியோ மெக்கானிக்கிடம் அட்டைபோல மெலிசான புது லேப்டாப் இருந்தது. ஆனாலும் அவர் வயிறு எரிந்தது சகலையின், அதாவது மனைவியின் தங்கை புருஷனின், லேப்டாப்பைப் பார்த்துத்தான். அதற்கு வயது இருபது. எடை ஒரு கன்றுக்குட்டி. பட்டன் நாலு கொட்டிப்போய், லாரி மலையேறுவதுபோல முக்கும். கண்டெய்னர் யார்டின் ஐம்பது பழைய வாக்கி டாக்கிகளும் அந்தக் கிழத்திடம்தான் வாய் திறக்கும். புது லேப்டாப்பின் வேகத்துக்கு மூச்சே விடாது.

யார்டின் புது வாசல் கேட்டுக்காக எல்லா ரேடியோவிலும் ஒரு சேனல் சேர்க்கவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பவருக்கே வருஷம் முழுக்கப் பராமரிப்பு வேலை என்று யார்டு மேனேஜர் சொல்லிவிட்டார்.

சகலை தரமாட்டேன் என்றிருந்தால்கூட மெக்கானிக் நிம்மதியாகத் திட்டியிருப்பார். அந்தப் பாவி சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தான்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. எனக்கு பஸ் டிப்போ வேலையே கழுத்துவரைக்கும் இருக்கு. முதல்ல ரேடியோவுல இருக்கறதைப் படிச்சு சேவ் பண்ணிக்குங்க. அப்புறமா எழுதுங்க."

"நீ டவுசர் போட்ட காலத்துலயே நான் ரேடியோ பிரிச்சவன் தம்பி."

படிப்பதாவது, சேமிப்பதாவது. திரையில் ஏற்கெனவே ஒரு சேனல் பட்டியல் திறந்து கிடந்தது. அதன் வாலில் கேட் சேனலை ஒட்டி, நாற்பத்தொன்பது ரேடியோவிலும் எழுதித் தள்ளினார். கேட் சேனலில் மட்டும் பேசிப் பார்த்தார், கணீரென்று கேட்டது. ஐம்பதாவது கிரேன்காரரிடம் இருந்தது. அவர் ஷிப்ட் முடியாமல் பூமிக்கு இறங்கமாட்டார்.

யார்டில் மேனேஜர் முதல் சேனலைத் திருப்பி, "ஆறாம் நம்பரை இறக்கு," என்றார்.

"ஆறாம் நம்பர் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆச்சு சார். அடுத்த பஸ் பதினொண்ணுக்கு," என்றது ரேடியோ.

மெக்கானிக் லேப்டாப் திரையை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தார். அவர் எழுதியது சகலையின் டிப்போ பட்டியல். நாற்பத்தொன்பதிலும் யார்டின் சேனல்கள் அழிந்தே போயிருந்தன. சகலைக்கு போன் போடுவதற்குள் அவர் கௌரவம் மூன்று முறை செத்துப் பிழைத்தது.

சகலை ஸ்கூட்டரில் வந்து ஒன்றே ஒன்று கேட்டான். "எழுதாத ரேடியோ ஏதாவது மிச்சம் இருக்காண்ணே?"

மெக்கானிக் வானத்தைக் காட்டினார்.

சகலை கிரேன் ஏணியில் ஏறி அந்த ஒன்றை வாங்கி வந்தான். அதைப் படித்தான், சேமித்தான், கேட் சேனலைச் சேர்த்து ஐம்பதிலும் எழுதினான்.

"என்னய்யா நடந்துச்சு?" என்றார் மேனேஜர்.

"என் பட்டியலை மூடாமக் குடுத்துட்டேன் சார். தப்பு என்னோடது. அண்ணன் வேலை எப்பவும் சுத்தமா இருக்கும்."

வருஷ வேலை மெக்கானிக்குக் கிடைத்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் இல்ல?" என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

"அதைத்தான்டி என்னால தாங்க முடியல. லேப்டாப்புன்னா நானும் ஒரு பழசைத் தேடிப் பிடிச்சிடுவேன், அந்த மனசுக்கு எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டு, யானைப் பசியிலும் சாப்பிடாமல் எழுந்து போனார்.