பார்லிக்குள் ஒரு பச்சை

ஐவி துணியை நனைத்துக் கணவரின் உதட்டில் வைத்தாள். கிளெம் கண்ணைத் திறக்காமலே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டார். மிச்சத் தண்ணீரை அவள் கொட்டவில்லை, கட்டிலடி வாளியில் பிழிந்துவிட்டாள். அந்தக் கோடையில் இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்தில் யாருமே தண்ணீரைக் கொட்டவில்லை. முகம் கழுவியது பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவியது பீன்ஸ் கொடிக்கு. வானம் வாரக்கணக்கில் வெளுத்தே கிடந்தது.

"பீன்ஸுக்கு ஊத்தினியா?" என்றார் கிளெம்.

"ஊத்தினேன். நீ பேசாம கிட."

"பேசாமதான் கிடக்கப் போறேன் கிழவி. கொஞ்சம் பொறு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை முழுங்கிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சமையலறையில் பிரைக் நர்ஸ் கெண்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைய பொழுது தாண்டுவது கஷ்டம் என்று காலையிலேயே சொல்லிவிட்டிருந்தாள்.

பின்கதவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அமோஸ் கெரிஜ் நின்றான். தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் பார்லி வயல் அவனுடையது.

"எப்படி இருக்காரு, மிசஸ் தர்லோ?"

"இருக்காரு."

"இன்னிக்கு தேவாலயக் கோபுரத்துல காவல் என் முறை. காடு எங்கயாவது பத்திக்கிச்சான்னு பாத்துட்டிருந்தேன்." அவன் தொப்பியைச் சுற்றினான். "அங்கேருந்து என் வயலைப் பாத்தேன். அது தெரியுது."

"எது?"

"அவரு தேடினது."

ஐவி வாளியைக் கீழே வைத்தாள்.

"மத்த பயிரெல்லாம் காஞ்சு வெளுத்துப்போச்சு. அது விழுந்த எடத்துல மட்டும் மண்ணு ஆழமா கிளறியிருக்கு பாருங்க, அடியில ஈரம் நின்னிருக்கு. பயிரு பச்சையாவே நிக்குது. தரையில நின்னு பாத்தா ஒண்ணும் புரியாது. மேலேருந்து பாத்தாதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு இந்தப் பேச்சே ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்றதும் விடறதும் உங்க இஷ்டம். நான் வேற யார்கிட்டயும் வாயைத் திறக்கல. ஆனா அறுப்பு மிஷின் மத்தியானம் வந்துரும். இனி தள்ளிப்போட்டா கதிரு கொட்டிரும்."

விஷயம் இதுதான். போர் நடந்தபோது ஓர் இரவில் ஜெர்மன் குண்டு விமானம் ஒன்று இந்த ஊரில் விழுந்தது. உள்ளே நான்கு பேர். பட்டாளத்துக்காரர்கள் வந்து பள்ளத்தைத் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. இறைத்துப் பார்த்துக் களைத்து, மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது கிளெம் ஆப்பிரிக்காவில் பட்டாளத்தில் இருந்தார். திரும்பி வந்து பழையபடி தபால் பையைத் தூக்கியவர், அது எங்கே விழுந்தது என்று கேட்டபோது ஆளுக்கு ஓர் இடம் காட்டினார்கள். மதுக்கடையில் இதற்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனார்கள். ஆனாலும் எல்லாரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஓக் மரத்துக்குப் பக்கத்தில்.

கிளெமுக்கு அது தாங்கவில்லை. "என் தபால் பாதையில விலாசம் இல்லாத ஆளு நாலு பேரு இருக்காங்க ஐவி" என்பார். ஞாயிறு தவறாமல் நீண்ட இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஓக் மரத்தைச் சுற்றி மண்ணில் குத்திப் பார்த்தார். ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டு நான்கு பெயர்களையும் வாங்கிவிட்டார். இடம் மட்டும் கிடைக்கவில்லை.

ஐவிக்கு வின்னி என்று ஒரு தங்கை இருந்தாள். நாரிச் நகரத்தில் ஜெர்மன் குண்டு விழுந்த இரவில் வீட்டோடு போனாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறிப்போகக் காத்திருப்பதும், சேற்றுக் காலோடு வந்து நிற்கிற மனுஷனிடம் "கெடச்சானுங்களா உன் சொந்தக்காரனுங்க?" என்று கேட்பதும் ஐவிக்கு வழக்கமாகிவிட்டது. அந்த நான்கு பெயர்களைத் தன் சமையலறையில் சொல்லக்கூடாது என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவரும் சொன்னதில்லை. தோட்டத்துக் கொட்டகையில் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்வார். திறந்த ஜன்னல் வழியே அது அவள் காதில் விழும்.

இப்போது அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும். மாலைக்குள் வயல் மொட்டையாகிவிடும். அவரும் போய்விடுவார். யாருக்கும் தெரியப் போவதில்லை.

அமோஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"கோபுரச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள் ஐவி.

"கதவு திறந்துதான் கிடக்கு. நானும் வரேன், படி செங்குத்தா இருக்கும்."

"உன்ன விட நான்தான் அதுல அதிகம் ஏறியிருக்கேன். நீ போய் உன் மிஷினைப் பாரு." அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். "பச்சையத் தொடாதே."

அமோஸ் தன் காலணியைப் பார்த்தான். "தொடுவேனா? பச்சைக் கதிர் கலந்தா குவியலே சூடேறி நாசமாப் போயிரும்."

நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். "ஐவி, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"பக்கத்துல உக்காந்திரு. நான் கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

கோபுரத்துக்குள் புழுக்கமும் புறா நாற்றமும் அடைத்துக் கிடந்தன. சுவரோடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பாதியில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. என்ன முட்டாள்தனம், அங்கே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார், இங்கே நான் படி ஏறுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே ஏறினாள்.

மேலே ஈயத்தகட்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஊர் வெந்து கிடந்தது. ஆடு மேயும் புல்வெளிகள் வைக்கோல் நிறமாகியிருந்தன. பார்லி வயல் அதற்கும் மேல் வெளுத்து, வெயிலில் கிடக்கும் எலும்பு போல இருந்தது.

அதன் நடுவில் அது இருந்தது.

மாடு படுத்த இடம் போல ஏதோ ஒரு பச்சைத் திட்டைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அங்கே கிடந்ததோ இரண்டு இறக்கைகள். கோடு போட்டது போல இடமும் வலமும் நீண்டிருந்தன. நடுவில் வட்டமாக உடல். எஞ்சின்கள் இறங்கிய இரண்டு இடங்களில் பச்சை கறுத்துத் தடித்திருந்தது. மூக்கு குத்தி நேராக இறங்கியிருக்கிறது. விரித்த இறக்கையை மடக்க நேரமில்லாமல் மண்ணுக்குள் போயிருக்கிறது. எத்தனை உழவு, எத்தனை விதைப்பு, எத்தனை பனி அதன் மேல் போயிருக்கும். வெயில் வந்து கேட்டதும் மண் அப்படியே எடுத்துக் காட்டிவிட்டது.

ஐவி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். அது எவ்வளவு பெரியது என்பதை மனது வாங்க மறுத்தது. ஓக் மரம் வயலின் அந்தக் கோடியில், இதற்குச் சம்பந்தமே இல்லாமல் நின்றது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வயலின் நடுவே வேலி இருந்த நாளில் ஓக் இரண்டு. போருக்குப் பிறகு வேலியைப் பிடுங்கியபோது பெரிய மரத்தையும் வெட்டிவிட்டார்கள். மரம் போனதும் ஊராரின் ஞாபகம் மெல்ல நகர்ந்து, இருக்கிற மரத்தடியில் போய் நின்றுகொண்டது. அவளுடையதும்தான்.

காற்று வந்தது. வெளுத்த பயிர் சலசலத்தது. பச்சை மட்டும் சத்தமில்லாமல், கனத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலைபாய்ந்தது.

லோதர், எவால்ட், ஹைனோ, வில்லிபால்ட். தன் வாய் அந்த நான்கு பெயர்களைச் சொல்வதை ஐவி கேட்டாள். கடைசியில் வின்னி என்றும் சொன்னது. அந்த ஊரிலேயே ஈரமாக இருந்தது அந்த ஓர் இடந்தான். இத்தனை காலம் சனியன் என்று அவள் சொல்லிவந்தது இதைத்தான். ஆராதனையில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

இறங்கி வந்ததே அவளுக்குத் தெரியாது. வீட்டு மாடியில் நர்ஸ் எழுந்து இடம் விட்டாள். "இருக்காரு" என்றாள் மெதுவாக. டீயை எடுத்துவரக் கீழே போனாள்.

"கிளெம்."

கண் திறந்தது.

"அமோஸ் வயல்ல பயிரு காட்டிக்குடுத்திருச்சு. உன் விமானத்தை. நான் கோபுரத்துல ஏறிப் பாத்துட்டு வரேன்."

அவர் அவளையே பார்த்தார். அவள் வேறு யாரோ என்பது போலப் பார்த்தார்.

"நீயா?" என்றார். கொஞ்சம் கழித்து, "மரத்துகிட்டயா?"

"இல்ல. வெட்டிட்டாங்களே பெரிய மரம், அதுகிட்ட. நாம எல்லாருமே தப்பான மரத்தைச் சொல்லியிருக்கோம்."

கிளெமின் நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. வலியென்று ஐவி பதறிக் குனிந்தாள். சிரிப்பு.

"எப்படி இருக்கு?"

அவள் யோசித்தாள். அதற்குச் சரியான வார்த்தை அவளிடம் இல்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அவருக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தாள். ஒரு கை அலமாரியில் இடித்தது. இன்னொன்று ஜன்னல் திரையைத் தொட்டது.

"இப்படி. ரொம்ப ரொம்பப் பெருசா. இந்தப் பக்கம் ஒரு எஞ்சினு, அந்தப் பக்கம் ஒண்ணு. அந்த எடத்துல பச்சை இன்னும் கறுப்பா இருக்கு."

"நேரா இறங்கியிருக்கா?"

"நேரா."

அவர் கண்கள் அவளுடைய இடக்கை விரல் நுனியில் தொடங்கின. தோள் வழியாக மெல்ல நகர்ந்தன, முகத்தில் கொஞ்சம் நின்றன, பிறகு மற்றக் கையின் நுனிவரை போயின. அங்கேயே நின்றன.

பிரைக் நர்ஸ் டீயோடு வாசலில் வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். கோப்பையை ஓசையில்லாமல் தரையில் வைத்தாள்.

"ஐவி" என்றாள். "கையை எறக்குங்க."

வயலிலிருந்து அறுப்பு மிஷினின் சத்தம் கேட்டது. நேராக வந்து, ஓரிடத்தில் மெதுவாகி, எதையோ சுற்றிப் போய், மறுபடி நேரானது. ஐவி கையை இறக்கவில்லை.