ஏழு நாள் மறக்காத பெட்டி

திங்கள் காலை எட்டரை மணிக்குப் பழைய சர்வரில் ஒருவரும் இருந்திருக்கக் கூடாது. இருபத்துமூன்று பேர் இருந்தார்கள்.

அதை ஞாயிறு இரவு நான்தான் காலி செய்தேன். கல்லூரிக்குத் தேர்வான பிள்ளைகள் தங்கள் இடத்துக்கு ஒப்புதல் தரும் தளம் அது. தேர்வுக் குழுவுக்காக எங்கள் நிறுவனம் நடத்துகிறது. திங்கள் மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் ஒப்புதல் தராதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடைசி நாள் கூட்டத்தைப் பழைய சர்வர் தாங்காது என்று முதல் நாள் இரவே பெரிய சர்வருக்கு மாற்றச் சொன்னார் என் மேலாளர் ஹராவா. கெடுவுக்கு முந்தின நாள் மாற்றுவது முட்டாள்தனம் என்றேன். நான் பாலிடெக்னிக்கை மூன்றாம் ஆண்டில் விட்டவன். என் பேச்சை யார் கேட்பார்கள்?

தளத்தின் பெயர் மாறவில்லை. முகவரி எண் மட்டும் மாறியது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கணினி முதலில் வழியிலிருக்கும் டிஎன்எஸ் பெட்டியிடம் எண்ணைக் கேட்கும். அந்தப் பெட்டி ஒருமுறை தெரிந்துகொண்ட எண்ணைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்று தளத்துக்காரர்கள் சொல்லலாம். ஒரு நாள் என்று இருந்ததை வெள்ளிக்கிழமையே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன். விடிவதற்குள் லிலோங்வே, பிளான்டயர், ம்சூசூ என்று மலாவியின் பெரிய ஊர்கள் எல்லாம் புதிய எண்ணுக்கு வந்துவிட்டன. பழையதில் மிச்சமிருந்த இருபத்துமூன்று பேரும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தார்கள். யார் எங்கிருந்து வந்தார் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகில் பார்த்தேன், அந்த இடத்தின் எண் எனக்கு மனப்பாடம்.

ஏரி நடுவே இருக்கும் லிக்கோமா தீவின் இணைய மையம். அங்கே இருப்பது நான் வைத்த பெட்டி.

நான்கு வருடங்களுக்கு முன், படிப்பை விட்ட கையோடு, ஒரு சின்ன நிறுவனத்துக்காக அந்தத் தீவுக்குப் போனேன். ஏரியில் காற்று எழுந்தால் இணைப்பு திக்கும். பெயரைக் கேட்டு எண் வருவதற்குள் பக்கம் செத்துவிடும். அதனால் யார் என்ன நேரம் சொன்னாலும் கேட்காமல், எந்த எண்ணையும் ஏழு நாள் நினைவில் வைக்கும்படி பெட்டியை அமைத்தேன். அப்போது தீவில் ராத்திரி மின்சாரம் கிடையாது. தினமும் அணைந்து எழும்போது எல்லாவற்றையும் மறந்துவிடாதபடி, அந்த நினைவை வன்தட்டில் எழுதிவைத்துத் திரும்பப் படிக்கவும் செய்தேன். முந்தைய பெட்டி திருடுபோயிருந்ததால் இதைச் சுவரோடு இரும்புக் கூண்டில் வைத்து வெல்டிங் அடித்தேன். கதவுகூட வைக்கவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள்.

இப்போது அந்தப் பெட்டி தீவுப் பிள்ளைகளைச் சிரத்தையாகப் பழைய சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய சர்வரும் 'நன்றி, உங்கள் ஒப்புதல் பெறப்பட்டது' என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தது. அந்தப் பட்டியலை யாரும் எண்ணப்போவதில்லை. ஐந்து மணிக்கு அதன் வாடகை முடிகிறது. வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளர்கள் துடைத்துவிடுவார்கள்.

ஹராவாவைக் கூப்பிட்டேன்.

"எத்தன பேரு?"

"இருபத்துமூணு சார்."

"நாப்பதாயிரம் பேர்ல இருபத்துமூணா? இதுக்கா என்னைக் கூப்பிட்ட?"

"பழசுக்கு வர்றவங்கள அப்படியே புதுசுக்குத் திருப்பி விட்டுரலாம். வந்த பேரையும் மாத்திரலாம். மாத்தி முடிஞ்சதும் எனக்கு அங்க பார்க்க மட்டும்தான் உரிமைன்னு ஆக்கிட்டீங்க. உங்க பாஸ்வேர்டு வேணும்."

"குடுத்தா லாக்ல என் பேரு விழும். 'எல்லாம் சுத்தமா முடிஞ்சுது'ன்னு விடியக்காலைல குழுவுக்கு எழுதிட்டேன், லுசுங்கு. அஞ்சு மணிக்கு அது போயிரும். அதுக்கப்புறம் இருபத்துமூணு பேரு வந்தாங்கன்னு சொல்றது யாரு?"

"பிள்ளைங்க சொல்லும்."

"தீவுல நெட் சரியில்லைன்னு சொல்லும். புதுசா என்ன? நீ கையால ஒரு பேரையும் சேர்த்துராத, ஜெயிலுக்குப் போவ. தூங்கு போ."

தூங்கவும் போக முடியாது. என் வேலை நேரம் காலை ஆறுக்கே முடிந்துவிட்டது. அடுத்த ஆள் லிம்பானி பெட்ரோல் தட்டுப்பாட்டில் பங்க் வரிசையில் நிற்கிறான், மினிபஸ் எதுவும் ஓடவில்லை. மாற்று ஆள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் சர்வர் அறையை விட்டுப் போனால் வேலை போகும். ஜன்னலில்லாத அறை, பதினெட்டு டிகிரி குளிர், ராத்திரி வாங்கிய, எண்ணெயில் பொரித்த இரண்டு மண்டாசி ரொட்டிகள் கல்லாகிக் கிடந்தன. அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டே தீவுக்குப் போன் போட்டேன். மையத்தை நடத்துபவள் ஃபைனஸ்.

"ஃபைனஸ் அக்கா, நான் லுசுங்கு."

"யாரு, கூண்டுக்காரனா? செத்துட்டேன்னு நெனச்சேன். நாலு வருஷமா ஒரு போன் உண்டா? உன் கூண்டுமேல கோழி முட்ட போடுது, தெரியுமா?"

"அக்கா, இன்னைக்குப் பிள்ளைங்க ஒப்புதல் போட வந்தாங்களா?"

"வராம? அலைபேசில நெட் எங்க இருக்கு இந்தத் தீவுல? எல்லாம் இங்கதான். எம்பொண்ணு லோனெஸ்தான் முதல் ஆளு, ஏழே முக்காலுக்குள்ள போட்டுட்டா. நர்ஸிங்குடா! அப்பங்காரன்கிட்ட நேர்ல சொல்லணும்னு உடனே பக்கத்துத் தீவு சிசுமுலுவுக்குப் படகு ஏறிட்டா. அந்த மனுஷன் வலைய விட்டுட்டு எங்க வரப்போறான்?"

நான் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப எம்பொண்ணு போட்டது?"

"தப்பான எடத்துக்குப் போயிருக்கு."

"பெட்டிய அணைச்சுப் போடட்டுமா?"

"அணைச்சாலும் மறக்காது."

"எந்த மடையன்டா அப்படிச் செஞ்சான்?"

"நான்தான்."

"சரி, அவளுக்குப் பதிலா நான் போடறேன், வழியச் சொல்லு."

"ரகசிய எண் கேக்கும். அது அவகிட்டதான் இருக்கு."

கணவனின் போனை முயன்று பார்த்துவிட்டு வந்தாள். அணைந்திருந்தது. சிசுமுலுவில் அவன் இருக்கும் கரையில் சார்ஜ் போட ஒரே ஒரு கடை. "மத்த பிள்ளைங்களையாவது பாரு. கூண்ட என்ன செய்யணும்?"

"அறுக்கணும். பெட்டிக்குப் பின்னாடி கீபோர்டும் மானிட்டரும் மாட்டணும்."

படகு பழுதுபார்க்கும் எட்சன் ரம்பத்தோடு வந்து சேர மணி பதினொன்றானது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கோழிக்கூடைமேல் வைத்துவிட்டார்கள். கிறீச் கிறீச் என்ற சத்தத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு முதல் பிளேடு உடைந்தது.

"இத வெல்டிங் அடிச்சவன் கையில கெடைக்கட்டும்," என்றான் எட்சன்.

"போன்ல இருக்கான், நேராவே சொல்லு," என்றாள் ஃபைனஸ்.

"தம்பி, யாருக்குப் பயந்து இவ்வளவு கம்பி? உள்ள சிறுத்தையா இருக்கு?"

பிளேடு வாங்க ஆள் ஓடினான். நான் பழைய சர்வரின் திரையைப் பார்த்தபடி இருந்தேன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். அறையின் நீளம் பதினோரு அடி. இந்த அறையிலிருந்து என்னால் எந்தக் கம்பியையும் தொட முடியாது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டைகூட விடாமல் அடைத்த மடையனைத் திட்டத்தான் முடியும்.

இரண்டாவது கம்பி இரண்டு மணிக்கு அறுந்தது. மானிட்டரை மாட்டினார்கள்.

"பாஸ்வேர்டு கேக்குது," என்றாள் ஃபைனஸ்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன்.

"டேய், நேரம் போகுது."

"எல்லாம் சின்ன எழுத்து, அக்கா. நடுவுல இடம் விடாதீங்க. 'ஃபைனஸ் ஒரு வாயாடி'."

அங்கே யாரோ வெடித்துச் சிரித்தார்கள். எட்சனாகத்தான் இருக்கும். ஃபைனஸ் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது கேட்டது. "திறந்துருச்சு," என்றாள் கடைசியில். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

இரண்டு கட்டளைகள் சொன்னேன். முதலாவது, தட்டில் எழுதிவைத்த எல்லாவற்றையும் அழிப்பது. இரண்டாவது, பெட்டியைப் புதிதாக எழுப்புவது. ஒவ்வோர் எழுத்தையும் அவள் திரும்பச் சொல்ல, நான் சரி என்றேன். இரண்டரைக்குப் புதிய சர்வரின் லாகில் தீவின் எண் முதன்முதலாக வந்து விழுந்தது. கத்தினேன். அறையில் கேட்க ஆளில்லை.

பிள்ளைகளைத் திரும்பக் கூட்டுவதை அவள் பார்த்துக்கொண்டாள். தேவாலய மணியை அடிக்கச் சொன்னாள், சைக்கிளில் ஆள் அனுப்பினாள். 'காலையில் போட்டதே வந்துவிட்டது, நன்றி என்று காட்டியதே' என்று வாதாடியவர்களைக் காதைத் திருகி உட்கார வைத்தாளாம். ஒவ்வொரு பெயராகப் புதிய பட்டியலில் ஏறியது. நான்கு மணிக்கு இருபத்திரண்டு.

"லோனெஸ் வரல," என்றாள். "காத்து எழும்பிருச்சு. அங்கேருந்து இனி எவனும் படகு எடுக்க மாட்டான். போனும் கெடைக்கல." பிறகு, "நீ செய்ய வேண்டியத செஞ்சுட்ட, தம்பி. வெச்சிரு," என்றாள்.

அப்படி ஆறுதல் சொல்லாமல் வழக்கம்போலத் திட்டியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. சிறிது நேரம் சும்மாதான் இருந்தேன். ஹராவா சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நாற்பதாயிரத்தில் ஒன்று. ஐந்து மணிக்கு அந்த ஒன்றும் துடைக்கப்பட்டுவிடும். எனக்கு வேலை இருக்கும். காத்திருப்போர் பட்டியலில் ஒரு பிள்ளை சந்தோஷப்படும்.

நாலே காலுக்குத் தேர்வுக் குழுவின் செயலாளர் கலூவா அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் கேட்டார்.

"அந்தப் பேர நீங்களே இப்ப எழுதி வெக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பழைய சர்வர்ல எனக்கு எழுத உரிமை இல்ல, அம்மா."

"அத நீங்கதான் சொல்றீங்க. தீவுல இருக்கற பெட்டிலயும் பதிவு இருக்குமே, அத ஒத்துப் பார்க்கலாமா?"

"ரெண்டு மணிக்கு மேல அத நான்தான் அழிக்கச் சொன்னேன். அழிச்சாத்தான் மத்தவங்க உள்ள வர முடியும்."

"ஆகமொத்தம் சாட்சியையும் அழிச்சுட்டீங்க."

"ஆமா."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. பார்த்ததுகூட இல்ல."

"எத்தன மணிக்கு அது அணையும்?"

"அஞ்சுக்கு."

போன் வைக்கப்பட்டது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பெட்ரோல் இல்லாமல் குழு அலுவலகத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். பின்னால் அவருடைய அலுவலகக் கணினிக்காரர். புழுதி படிந்த செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார் கலூவா அம்மா.

"நாற்காலிய விட்டு எந்திரிங்க," என்றார்.

எழுந்து சுவரோரமாய் நின்றேன். கணினிக்காரர் உட்கார்ந்து என் உரிமையைச் சோதித்தார். எதையோ எழுதப் பார்த்தார், சர்வர் மறுத்தது. இன்னொரு முறையும் மறுத்தது. பிறகு அவர் காலைப் பதிவுகளுக்குப் போனார். கலூவா அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்தார்.

"லோனெஸ். லிக்கோமா. செவிலியர் கல்லூரி. ஏழு நாப்பத்திரண்டு." தன் போனில் மூன்று படம் எடுத்தார். கைக்கடிகாரத்தையும் திரையோடு சேர்த்து ஒரு படம்.

ஐந்து மணிக்குத் திரை அப்படியே நின்றது. கணினிக்காரர் விசையைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"அந்த எடத்த யாருக்கும் குடுக்க மாட்டோம்," என்றார் கலூவா அம்மா. "தப்பு யாரோடது?"

"என்னோடது. நாலு வருஷத்துக்கு முந்தினது."

"ஹராவாவுக்குத் தெரியுமா?"

"காலைலயே சொன்னேன்."

அதையும் எழுதிக்கொண்டார். அவருடைய கையெழுத்து சிறியது, நிதானமானது. "விசாரணை அதிகாரி வர்ற வரைக்கும் நீங்க இந்த அறைய விட்டுப் போகக் கூடாது. எந்தக் கணினியையும் தொடக் கூடாது. எப்ப வருவாருன்னு என்னால சொல்ல முடியாது, அவரும் நடந்துதான் வரணும்."

மேசைமேல் என் போன் அடித்தது. ஃபைனஸ். நான் கையை நீட்டவில்லை. கலூவா அம்மா பெயரைப் பார்த்துவிட்டு, தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், அஞ்சு தாண்டிருச்சு," என்றாள் ஃபைனஸ். பின்னால் காற்று இரைந்தது.

"எடம் இருக்கு அக்கா. அவளோடதுதான்."

"யாரு சொன்னா?"

"பக்கத்துல நிக்கறாங்க."

அவள் நன்றி சொல்லவில்லை. யாரிடமோ திரும்பி, "இருக்காம்," என்று கத்தினாள். இணைப்பு அறுந்தது. கலூவா அம்மா போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, என் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.