அட்டையில் இடது பக்கம்

மலர்வளைய ரிப்பனில் ஒட்டியிருந்த பொன்னெழுத்துகளைச் சில்வினா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, செத்துப்போனதாக அதில் எழுதியிருந்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

'எங்கள் ஹூகோவுக்கு' என்றிருந்ததை ஹூகோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உயிரோட இருக்கறப்ப ஒருத்தனும் ஒரு காப்பி வாங்கிக் குடுக்கல."

பெட்டியில் படுத்திருந்தது சில்வினாவின் அப்பா நெஸ்தோர் பிரிட்டோ. துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சில்வினாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தப்பு எழுபத்து மூன்றில் நடந்தது. 'மூன்றாம் பிளாட்பாரம்' என்று ஒரு ராக் இசைக்குழு; மூன்று பேர், மொரோன் ஊர் ரயில்வே குடியிருப்புப் பையன்கள். இங்கிலீஷில் கத்தினாலாவது புரியாமல் இருக்குமே என்று அக்கம்பக்கத்தார் நொந்துகொள்ளும்படி, சொந்த ஸ்பானிஷிலேயே கத்திப் பாடினார்கள். முதல் இசைத்தட்டின் அட்டைப்படத்தை அச்சகத்துக்காரர் திருப்பிப் போட்டுவிட்டார். இடது வலதானது, கீழே பெயர்கள் மட்டும் நகரவில்லை. கிதார் வாசித்த ஹூகோ, நெஸ்தோர் ஆனார். பேஸ் கிதார் வாசித்த நெஸ்தோர், ஹூகோ ஆனார். நடுவில் நின்ற டிரம்ஸ்காரர் மட்டும் தப்பித்தார்; அவரும் கல்லீரல் கெட்டு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள். அது வருவதற்குள் சில்வினாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அப்போதும், பழைய அட்டைக்குத்தான் மதிப்பு என்று தப்பையும் பத்திரமாக அச்சடித்தார்கள்.

ஹூகோ விடவில்லை. யாராவது நெஸ்தோர் என்று கூப்பிட்டால் நடுத்தெருவில் சண்டைக்கு நிற்பார். அப்பா நேர் எதிர். ரொட்டிக்கடை வாசலில் "ஹூகோ" என்று எவராவது ஓடி வந்தால் கட்டிப்பிடித்து, ஹூகோ என்றே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். சின்னப் பெண்ணாக இருந்த சில்வினா கோபித்துக்கொண்டால், "எவ்வளவு ஆசையா ஓடி வர்றான். திருத்தினா மொகம் சுருங்கிடும், பாவம்" என்பார்.

இன்று காலை வானொலியும் ஹூகோ இறந்ததாகத்தான் சொன்னது. ஹூகோ உடனே அங்கே போன் போட்டிருக்கிறார். தான்தான் ஹூகோ என்றதும், எதிர்முனைப் பெண் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டாளாம்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளாவது வெளியாள் ஒருத்தர் வாயால அப்பா பேரைக் கேக்கணும்," என்றாள் சில்வினா. ஹூகோ குனிந்து, மிச்ச எழுத்துகளைத் தானும் சுரண்டத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது, வாசலில் தலை நரைத்த ஒருவர் பழைய இசைத்தட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அழுதிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"நெஸ்தோர் மாஸ்டர், ஹூகோ நம்மள விட்டுப் போயிட்டாரே. நீங்களாவது ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

போச்சு என்று நினைத்துக்கொண்டாள் சில்வினா. ஹூகோ வாயைத் திறந்தார். அந்த ஆளின் சிவந்த கண்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு பேனாவை வாங்கினார்.

அவள் பக்கம் சாய்ந்து, "உங்கப்பா எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?" என்று கிசுகிசுத்தார்.

"உங்க பேரைத்தான் போடுவார், மாமா."

சொல்லிவிட்டு அன்று முதல்முறையாகச் சிரித்தாள். ஹூகோவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அட்டையைத் தொடையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

அந்த ஆள் வாங்கிக் கண்ணருகே பிடித்து, வாய்விட்டுப் படித்தார்.

"நெஸ்தோர் பிரிட்டோ."

மை இன்னும் காயவில்லை. ஹூகோ குனிந்து அதன்மேல் மெல்ல ஊதினார்.